கண்ணும் காதும் இயங்காத பேராசிரியர் எப்படி வகுப்பு எடுக்கிறார்? எங்கள் கையுறை புராஜெக்ட்டுக்காக ஒரு கேள்வி

இறுதியாண்டு_ஈசிஇ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து இறுதியாண்டு புராஜெக்ட் செய்கிறோம். கண் பார்வையும் காது கேட்கும் திறனும் இரண்டுமே இல்லாதவர்களுக்கான கையுறை. எதிரில் இருப்பவர் பேசுவதைக் கைபேசி எழுத்தாக மாற்றும். அந்த எழுத்தைப் பிரெயில் புள்ளிகளாக்கி, விரல்களில் இருக்கும் சின்ன அதிர்வு மோட்டார்கள் வழியாகத் தரும். பிரெயிலில் ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் ஆறு புள்ளி, அதனால் ஆறு விரல், ஆறு மோட்டார். சர்க்யூட் வேலை செய்கிறது.

முதல் ரிவ்யூவில் எங்கள் துறைத்தலைவர் ஒரே கேள்விதான் கேட்டார். "இதை மாட்டிக்கொள்ளப் போகிறவர் யாரிடமாவது பேசினீர்களா?" இல்லை என்றதும் ஃபைலை மூடிவிட்டார்.

அதன் பிறகு தேடியதில் ஜப்பானில் சதோஷி ஃபுகுஷிமா என்று ஒருவர் இருப்பது தெரிந்தது. 1962-இல் பிறந்தவர். 9 வயதில் பார்வை முழுதாகப் போய், 18 வயதில் கேட்கும் திறனும் போயிருக்கிறது. அப்படியும் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகியிருக்கிறார். ஆங்கிலத்தில் கிடைத்த கட்டுரைகள் எல்லாம் "விடாமுயற்சியால் சாதித்தார்" என்பதோடு நின்றுவிடுகின்றன. எனக்கு வேண்டியது அது இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் வகுப்புக்குள் போகிறார் என்று வையுங்கள், பின் வரிசையில் ஒரு மாணவர் கேள்வி கேட்கிறார். அந்தக் கேள்வி இவருக்கு எப்படிப் போய்ச் சேரும்? கருவி வழியாகவா, ஆள் வழியாகவா? கருவி என்றால் என்ன கருவி?

ஜப்பானில் இருப்பவர்கள், பிரெயில் பயன்படுத்துபவர்கள், இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். அடுத்த ரிவ்யூவுக்கு அதிக நாள் இல்லை.

---

சைத்தாமா_மருமகள் எழுதியது:

தங்கச்சி, உன் துறைத்தலைவருக்கு என் கும்பிடு.

நான் தூத்துக்குடிப் பெண். கல்யாணமாகி டோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமாவில் இருக்கிறேன். இங்கே கண் காது இரண்டும் இயங்காதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் வழித்துணையாகவும் போகிறவர்களை மாகாண அரசே பயிற்சி கொடுத்துப் பதிவு செய்து அனுப்புகிறது. மணிக்கணக்கில் சம்பளம் உண்டு. அந்தப் பட்டியலில் நானும் ஒருத்தி. பேராசிரியரை எனக்கு நேரில் பழக்கமில்லை. ஆனால் நான் விரல்களால் செய்கிற வேலை பிறந்ததே அவர் வீட்டு அடுக்களையில்தான் என்பதால் பயிற்சியில் அவர் கதையைத் தவிர்க்கவே முடியாது.

உன் கேள்விக்கு நேரடிப் பதில்: ஆள் வழியாக. பின் வரிசை மாணவர் பேசும்போதே, பக்கத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் தன் விரல்களை ஃபுகுஷிமாவின் விரல்கள் மேல் வைத்துத் தட்டுகிறார். அதை வாங்கிக்கொண்டு அவர் தன் சொந்தக் குரலில் பதில் சொல்கிறார். 18 வயது வரை கேட்டு வளர்ந்தவர் என்பதால் பேச்சு அவரிடம் அப்படியே இருக்கிறது. ஆக, உள்ளே வருவது தொடுகை, வெளியே போவது குரல். இந்தத் துறையில் ஒவ்வொருவருக்கும் இந்த இரண்டு வழிகளும் வேறு வேறு மாதிரி அமையும். அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் யாருக்கும் எதுவும் செய்ய முடியாது.

இப்படித் தட்டுவதற்கு விரல் பிரெயில் என்று பெயர். அது வந்த கதையைச் சொல்கிறேன், உன் கையுறையும் அதே யோசனைதானே. 1981. கோபே நகரம். பையன் சதோஷிக்குக் காது சில மாதங்களில் மெல்ல மெல்லப் போய்விட்டது. அம்மா ரெய்கோ அவனிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் பிரெயில் தட்டச்சுப்பொறியில் அடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் அந்த மெஷின் கைக்கெட்டும் இடத்தில் இல்லை. பையன் ஏதோ குறை சொல்லிக்கொண்டு நிற்கிறான். அம்மா அவன் விரல்களையே மெஷினின் ஆறு கட்டைகளாக வைத்துக்கொண்டு தட்டினார்: "சதோஷி, வகாரு கா?" சதோஷி, புரிகிறதா? ஜப்பானிய பிரெயிலில் ஏழே தட்டு. அவனுக்குப் புரிந்தது.

கட்டுரைகள் எல்லாம் இங்கே கைதட்டிவிட்டு முடித்துக்கொள்ளும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அப்புறம் நடந்தது.

டோக்கியோவில் அவர் படித்த பார்வையற்றோர் பள்ளிக்குத் திரும்பிப் போகிறார். நண்பர்கள் எல்லோருக்கும் பிரெயில் தெரியும், அதனால் விரல் பிரெயிலைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். இனிப் பிரச்சினை இல்லை என்றுதானே நினைப்போம்? ஆனால் அவர் மறுபடியும் தனியாகிப் போனார். யாராவது அவர் கையைத் தொட்டுப் பேசினால்தான் அவருக்கு உலகம். கையை எடுத்துவிட்டால் ஒன்றும் இல்லை. நாலு பேர் உட்கார்ந்து அரட்டை அடிக்கும்போது, யாராவது திரும்பி "இப்போது தேர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று சுருக்கம் சொல்வார்கள். அவ்வளவுதான். உள்ளே நுழைய ஒரு சந்து கிடைக்காது.

பிறகு ஒருவர், மற்றவர்கள் பேசுவதை நாடக வசனம் போல, பேசுபவர் பெயரைப் போட்டு, அவர் சொன்னதை அப்படியே, அந்த நேரத்திலேயே தட்ட ஆரம்பித்தார். இன்னார்: இப்படி. இன்னார்: அதெல்லாம் இல்லை, இப்படி. அப்போதுதான் குறுக்கே புகுந்து கிண்டல் பண்ண, மறுத்துப் பேச அவருக்கு இடம் கிடைத்தது. எங்களுக்குப் பயிற்சியில் முதலில் மண்டையில் ஏற்றுவது இதைத்தான்: சுருக்கிச் சொல்லாதே, யார் சொன்னார் என்பதை விடாதே. எது முக்கியம் என்று அவர் முடிவு செய்யட்டும், நீ செய்யாதே.

பெரும்பாலான கருவிகள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. உன் கையுறை பேச்சை எழுத்தாக்கி அனுப்பும், சரி. வகுப்பில் மூன்று பேர் ஒரே சமயத்தில் பேசினால்? ஒருவர் தலையை மட்டும் ஆட்டினால்? ஒருவர் "ஓஹோ, ரொம்ப நல்லா இருக்கே" என்று குத்தலாகச் சொன்னால்?

என் வேலையிலிருந்து ஓர் உதாரணம். ஆளையும் ஊரையும் மாற்றித்தான் சொல்கிறேன், ரகசியக் காப்பு எங்களுக்குக் கண்டிப்பு. நான் போகும் ஒரு பெரியவர் அவர் குடியிருப்பின் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் வருவார். குப்பை எடுக்கும் கிழமையை மாற்றுவது பற்றி விவாதம். அவர் ஒரு யோசனை சொன்னார். யாரும் வாயைத் திறக்கவில்லை. பேச்சை எழுத்தாக்கும் எந்தக் கருவியும் அந்த இடத்தில் வெறும் பூஜ்யத்தைத்தான் காட்டும். நான் தட்டியது: "அமைதி. இரண்டு பேர் தலையாட்டுகிறார்கள். தலைவர் மேசையைப் பார்க்கிறார். ஜன்னல் பக்கம் ஒரு அம்மா சிரிப்பை அடக்குகிறார்." அவர் உடனே தலைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உங்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறதே?" என்று கேட்டார். விவாதம் சூடுபிடித்துவிட்டது. நடுவில் தேநீர் வந்தால் அதையும் சொல்ல வேண்டும், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், சூடா இல்லையா என்று.

உடம்புக்கு லேசான வேலை இல்லை இது. பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்வோம். அதனால் நீண்ட கூட்டம் என்றால் இரண்டு பேராகத்தான் போவது. மோதிரம் போடக்கூடாது, நகம் வளர்க்கக்கூடாது, கையில் வாசனைக் க்ரீம் கூட வேண்டாம் என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து தட்டினால் என் இடது கை அவர் இடது கைமேல். எதிரில் உட்கார்ந்தால் என் வலது கை அவர் இடது கைமேல் வரும், மனதுக்குள் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிக்கொள்ள வேண்டும். அது கைவர எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

இன்னொன்று. தட்டுவதில் குரல் இருக்கிறது. கோபத்தைப் பட்பட்டென்று தட்டலாம், தயக்கத்தை இழுத்துத் தட்டலாம், கேள்வியின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கலாம். உன் மோட்டார் எல்லா எழுத்தையும் ஒரே அளவில்தான் அதிரவைக்கும், இல்லையா?

அவர் பணி வாழ்க்கையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1983-இல் டோக்கியோ மாநகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஜப்பானில் கண் காது இரண்டும் இயங்காத ஒருவர் பல்கலைக்கழகம் போனது அதுதான் முதல் தடவை. கல்வியியல் படித்தார். 1996-இல் கனசாவா பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர். 2001-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் உயர் தொழில்நுட்ப ஆய்வு மையத்துக்கு வந்தார், 2008-இல் பேராசிரியரானார். அதே 2008-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பிலேயே அவர் பெயர் இருக்கிறது. தன் பார்வையும் கேட்கும் திறனும் போனதையும், விரல் பிரெயிலால் மற்றவர்களோடு பேச்சை மறுபடியும் கட்டியெழுப்பியதையும் வேறு யாரையோ ஆராய்வதுபோல ஆராய்ந்திருக்கிறார். அந்த மையத்தில் அவர் துறை தடையில்லாச் சூழல் பற்றியது. பொறியாளர்கள் சூழ்ந்த இடம். அங்கே கருவி செய்கிறவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, இதில் மனிதன் எங்கே வருகிறான் என்று கேட்கிற ஆள் அவர்.

பலரும் விட்டுவிடுகிற ஒன்றையும் சொல்ல வேண்டும். 1981-இல் அவர் பல்கலைக்கழகம் போக வேண்டும் என்பதற்காக ஆசிரியர்களும் நண்பர்களும் ஓர் ஆதரவுக் குழு தொடங்கினார்கள். அந்த வட்டத்தின் உழைப்புதான் 1991-இல் நாடு தழுவிய சங்கமாக உருவெடுத்தது. சங்கம் ஆரம்பித்து வைத்த மொழிபெயர்ப்பாளர் சேவை ஊர் ஊராகப் பரவி, 2013-க்குப் பிறகு மாகாணங்களின் கட்டாயக் கடமையாகவே சட்டத்தில் ஏறிவிட்டது. எனக்குச் சம்பளம் வருவது அதனால்தான். ஆனாலும் ஒருவருக்கு ஆண்டுக்கு இத்தனை மணி நேரம்தான் என்று உச்சவரம்பு இருக்கிறது, மாகாணத்துக்கு மாகாணம் அது மாறும். ஆண்டுக் கடைசியில் மணிநேரம் தீர்ந்துபோய் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

---

ஆறுபுள்ளி எழுதியது:

மருமகள் அக்கா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் கருவிகளை இப்படி ஓரங்கட்டிவிடக்கூடாது. நான் பார்வையற்றவன், திருச்சியில் வங்கி வேலை. காது நன்றாகக் கேட்கும். பிரெயில் டிஸ்ப்ளே, அதாவது திரையில் இருப்பதை விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாக எழுப்பும் கருவி, தினமும் பயன்படுத்துகிறேன்.

கூட்டம், வகுப்பு, அரட்டைக்கு ஆள் வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு மெயில் படிக்க, ஆய்வுக் கட்டுரை எழுத, வங்கிக் கணக்கைப் பார்க்க மொழிபெயர்ப்பாளரையா எழுப்புவது? அங்கே பிரெயில் டிஸ்ப்ளேதான் எல்லாம். பார்வை மட்டும் இல்லாதவனுக்கு ஸ்கிரீன் ரீடர் பேசிவிடும், டிஸ்ப்ளே இல்லாவிட்டாலும் காலம் தள்ளலாம். காதும் இல்லையென்றால் அந்த ஒரு வரி புள்ளிகள்தான் கணினி, கைபேசி, செய்தித்தாள் எல்லாம்.

விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஓர் எழுத்துக்கான புள்ளிக் கட்டத்தைச் செல் என்பார்கள், 40 செல் டிஸ்ப்ளே என்றால் லட்சக்கணக்கில் போகும். காரணம் அந்தச் செல்கள். ஒவ்வொரு புள்ளிக்கு அடியிலும், மின்சாரம் கொடுத்தால் வளையும் பீசோ பட்டை ஒன்று வளைந்து ஊசியைத் தூக்க வேண்டும். உலகத்திலேயே அந்தச் செல்களைச் செய்பவர்கள் கொஞ்சம் பேர்தான், அதில் பெரிய கம்பெனியான கேஜிஎஸ், மருமகள் அக்கா இருக்கும் சைத்தாமாவில்தான் இருக்கிறது! 2016-இல் அறிமுகமான ஆர்பிட் ரீடர் 20 என்ற டிஸ்ப்ளே வேறு நுட்பத்தில் விலையைப் பெரிய அளவில் குறைத்தது. 20 செல். வரி மாறும்போது கரகரவென்று சத்தம் போடும், கொஞ்சம் மெதுவும்கூட. கேட்காதவருக்குச் சத்தம் ஒரு பொருட்டில்லை, ஆனால் பக்கத்தில் தூங்குபவர் பாடு திண்டாட்டம்.

கைபேசியிலும் ஒரு வேடிக்கை உண்டு. திரையிலேயே ஆறு விரல் வைத்துப் பிரெயில் தட்டும் வசதி ஐபோனில் 2014-லும், ஆண்ட்ராய்டில் 2020-லும் வந்துவிட்டது. எழுதுவதற்குக் காசு செலவில்லை. ஆனால் எதிராளி அனுப்பிய பதிலைப் படிக்க டிஸ்ப்ளே வேண்டும். பேசலாம், பதில் தெரியாது. உங்கள் கையுறைக்கு நான் ஒரு இடம் பார்க்கிறேன் என்றால் அது இங்கேதான்: விலை குறைந்த, படிப்பதற்கான கருவி. வகுப்பறைக்குப் போகாதீர்கள், வாட்ஸ்அப்புக்குப் போங்கள்.

தமிழில் முடியுமா என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தாராளமாக முடியும். தமிழ் பிரெயிலும் ஆறு புள்ளிதான். இடது ஆட்காட்டி விரல் 1, நடுவிரல் 2, மோதிர விரல் 3. வலது கையில் அதே வரிசையில் 4, 5, 6. "அம்மா" என்பதற்கு ஐந்து தட்டு. அ: இடது ஆட்காட்டி மட்டும். அப்புறம் ம்-இன் மேல் வரும் மெய்ப்புள்ளி: வலது ஆட்காட்டி மட்டும். பிரெயிலில் மெய்யின் புள்ளி எழுத்துக்கு முன்னாலேயே வந்துவிடும், கவனியுங்கள். ம: இடது ஆட்காட்டி, இடது மோதிர விரல், வலது ஆட்காட்டி மூன்றும் ஒன்றாக. மறுபடியும் அதே ம. கடைசியில் ஆ: இடது மோதிர விரல், வலது ஆட்காட்டி, வலது நடுவிரல். உங்கள் மென்பொருள், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு வரிசையை அப்படியே அனுப்பினால் புள்ளி பின்னால் வந்து எல்லாம் குழம்பும். எழுத்தைப் பிரெயிலாக மாற்றும் லிப்லூயிஸ் என்ற திறந்தமூல மென்பொருள் நூலகத்தில் தமிழ் அட்டவணை இருக்கிறது, என்விடிஏ ஸ்கிரீன் ரீடரும் அதைத்தான் பயன்படுத்துகிறது. சொந்தமாக எழுதாமல் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

---

சியாட்டில்_சித்தப்பா எழுதியது:

நல்ல இழை. ஆனால் இதுவரை பேசியது எல்லாம் பிரெயில் தெரிந்தவர்களைப் பற்றி. அது பாதிக் கதைதான்.

கண் காது இரண்டும் இயங்காதவர்களில் பலர் பிறவியிலேயே காது கேளாதவர்கள். சைகை மொழியில் வளர்ந்தவர்கள். அஷர் என்றொரு பரம்பரை நோய் இருக்கிறது. அதன் முதல் வகையில் காது பிறவியிலேயே கேட்காது, பார்வை சின்ன வயதிலிருந்து ஓரங்களில் குறுகிக்கொண்டே வந்து, குழாய்க்குள்ளே பார்ப்பதுபோல் ஆகிவிடும். இவர்களுக்கு எழுத்துமொழியே இரண்டாம் மொழி. பிரெயில் நடுவயதில் கற்றுக்கொள்ள வேண்டியது. விரலில் எழுத்து எழுத்தாக அதிர வைத்தால் எரிச்சலாகிவிடுவார்கள். சைகை செய்பவரின் கைமேல் தன் கையை வைத்து அந்தச் சைகையைத் தொட்டு அறிவதுதான் அவர்கள் வழி.

அமெரிக்காவில் எங்கள் ஊர் சியாட்டில் இவர்கள் சமூகத்துக்குப் பேர் போனது. இங்குள்ள பார்வையற்றோர் லைட்ஹவுஸ் தொழிற்கூடத்தில் போயிங் விமானங்களுக்கு உதிரிபாகம் செய்கிறார்கள். அங்கே வேலை கிடைக்கும் என்று நாடெங்கிலுமிருந்து இவர்கள் வந்து குடியேறி ஒரு சமூகமே உருவாகிவிட்டது. 2007 வாக்கில் இங்கே ஜெலிகா நூச்சியோ, ஏஜே கிரண்டா என்ற இரண்டு பேர் ஒரு புது வழியை ஆரம்பித்தார்கள். இருவருமே கண் காது இரண்டும் இயங்காதவர்கள், இருவருமே கற்பிப்பவர்கள். அதன் பெயர் புரோடாக்டைல்.

அவர்கள் கண்ட குறை இது. கண்ணும் காதும் இயங்காத இருவர் ஒரே அறையில் இருந்தாலும், ஒருவரோடு ஒருவர் பேச நடுவில் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள். பழக்கம் அப்படி ஆகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர்களுக்கோ எப்போதும் பஞ்சம். அதனால் இவர்கள் பயிற்சி வகுப்புகளில் மொழிபெயர்ப்பாளரையே வெளியே நிறுத்திவிட்டு, நேரடியாகத் தொட்டுப் பேச வைத்தார்கள். நீங்கள் பேசும்போது நான் உங்கள் தொடையிலோ கையிலோ தட்டிக்கொண்டே இருப்பேன். "ம்ம், சரி, அப்படியா" என்பதெல்லாம் அந்தத் தட்டில் இருக்கும். சிரித்தால் விரல்களால் கிச்சுக்கிச்சு மூட்டுவதுபோல ஓர் அசைவு. காற்றில் காட்டும் சைகையைக் கேட்பவரின் உடம்புக்கே கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது மொழியியலாளர்கள் இதைத் தனி மொழியாக வளர்வதாகவே ஆராய்கிறார்கள். 2017 முதல் ஒரிகான் மாநிலத்தில் மான்மவுத் ஊரிலுள்ள பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கும் மையம் இயங்கியது. அங்கே பாடம் எடுத்தவர்களில் நூச்சியோ போன்றவர்களும் உண்டு. அதாவது யாருக்காக மொழிபெயர்க்க வேண்டுமோ அவர்தான் வாத்தியார்.

மருமகள் சொன்ன ஜப்பான் முறை அருமை, ஆனால் அது முழுக்க மொழிபெயர்ப்பாளர் கையில் நிற்கிறது. அவர் வராவிட்டால் உலகம் அணைந்துவிடுகிறது. அதுதான் எனக்கு நெருடல்.

கருவிப் பக்கம் இங்கே ஒரு நல்ல சட்டம் உண்டு. 2010-இல் வந்தது. அதன்படி தொலைத்தொடர்பு நிதியிலிருந்து ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் வரை எடுத்து, வருமானம் குறைந்தவர்களுக்குப் பிரெயில் டிஸ்ப்ளே, கணினி, கைபேசி எல்லாம் இலவசமாகக் கொடுக்கிறார்கள். 2012-இல் சோதனையாக ஆரம்பித்து 2017-இல் நிரந்தரமாக்கினார்கள். கருவியோடு அதைக் கற்றுக்கொடுக்கும் செலவையும் சேர்த்தே கொடுப்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் கொடுக்கும் கருவி பரணுக்குத்தான் போகும்.

---

சைத்தாமா_மருமகள் எழுதியது:

சித்தப்பா, நெருடல் நியாயம்தான். ஆனால் ஒரு திருத்தம். இங்கேயும் விரல் பிரெயில் தெரிந்த இரண்டு பேர் சந்தித்தால் நாங்கள் ஒதுங்கிவிடுவோம். அவர்களே மாறி மாறித் தட்டிக்கொள்வார்கள், எங்களுக்கு ஒன்றுமே தெரியாது. அப்படி ஒரு மதியம் இரண்டு பாட்டிகள் விழுந்து விழுந்து சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். என்னவென்று கடைசிவரை சொல்லவே இல்லை. ஜப்பானிலும் தொட்டு அறியும் சைகையைப் பயன்படுத்துபவர்கள் நிறைய, உள்ளங்கையில் எழுத்து எழுதிக் காட்டச் சொல்பவர்களும் உண்டு. நான் விரல் பிரெயில் கற்றதால் அதைப் பற்றி எழுதினேன், அவ்வளவுதான்.

ஆனால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஒரு பேராசிரியர் பார்வையும் கேட்கும் திறனும் உள்ள இருபது பேரோடு துறைக் கூட்டத்தில் உட்கார முடியாது. அந்த இருபது பேரும் புரோடாக்டைல் கற்றுக்கொள்ளப் போவதில்லை. நண்பர்களோடு இருக்க உங்கள் ஊர் வழி, வேலையிடத்துக்கு எங்கள் ஊர் வழி என்று வைத்துக்கொள்வோமா?

---

இறுதியாண்டு_ஈசிஇ எழுதியது:

அக்கா, அண்ணா, சித்தப்பா, மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. அறையில் மூன்று பேரும் சேர்ந்து படித்தோம், ஒருத்தி அச்செடுத்தே வைத்துவிட்டாள்.

வகுப்பறை யோசனையைக் கைவிட்டுவிட்டோம். ஆறுபுள்ளி அண்ணா சொன்னதுபோல் பிரெயில் தெரிந்தவர் கைபேசிச் செய்தியைப் படிப்பதற்கு என்று மாற்றுகிறோம். லிப்லூயிஸ் இறக்கியாயிற்று, எங்கள் பழைய நிரல் புள்ளியைப் பின்னால்தான் அனுப்பிக்கொண்டிருந்தது.

இரண்டு கேள்வி. ஒன்று, மோட்டாரை விரல் நுனியில் வைப்பதா, வேறு எங்காவதா? இரண்டு, யாரிடம் போய்க் காட்டுவது? தெரியாதவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் "கையைக் கொடுங்கள்" என்று கேட்க முடியாது.

---

சைத்தாமா_மருமகள் எழுதியது:

விரல் நுனியில் வைக்காதே. அவர்களுக்கு விரல் நுனிதான் கண். அதை மூடிவிட்டால் கோப்பையைத் தேட முடியாது, டிஸ்ப்ளே படிக்க முடியாது, என் கையைப் பிடிக்கக்கூட முடியாது. கையுறை என்ற வடிவத்தையே நான் விட்டுவிடச் சொல்வேன். இங்கே ஆய்வுக்கூடங்களில் மோதிரம் மாதிரி விரலின் அடிப்பக்கத்தில் மாட்டும் வகைகளை முயன்றிருக்கிறார்கள். நாங்களும் நகத்துக்குப் பின்னால், முதல் கணுவை ஒட்டித்தான் தட்டுவோம். வேகத்தையும் அவர்களே கூட்டிக் குறைக்கும்படி வை. "மறுபடி சொல்" என்பதற்கு ஒரு பொத்தான் கட்டாயம்.

ஆள் விஷயத்தில், சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, 2005-இல் வந்தது. கண் காது இரண்டும் இயங்காத குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்களை அங்கே பயிற்றுவிக்கிறார்கள். மயிலாப்பூரில் காது கேளாதோருக்கான கிளார்க் பள்ளியிலும் இவர்களுக்கென்று பிரிவு உண்டு. கல்லூரி லெட்டர்ஹெட்டில் கடிதம் எழுதி, முதல் தடவை கருவி இல்லாமல் போங்கள். ஒரு நாள் முழுக்க ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கருவியை எடுத்துப் போனால் எல்லோரும் கருவியைத்தான் பார்ப்பார்கள். நம் நாட்டில் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே இந்தக் குறைபாட்டைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. கடிதத்தில் அதைக் குறிப்பிடு, உன் துறைத்தலைவர் சந்தோஷப்படுவார்.

---

ஆறுபுள்ளி எழுதியது:

முட்டுக்காடு போவதற்கு முன்னால் முதல் சுற்று சோதனைக்கு என்னை வைத்துக்கொள்ளலாம். பிரெயில் வேகமாகப் படிப்பேன், தப்பு இருந்தால் முகத்துக்கு நேரே சொல்வேன். சனிக்கிழமை வங்கி விடுமுறையா என்று பார்த்துவிட்டுத் தனிச் செய்தி அனுப்புங்கள். ஒரே ஒரு விஷயம்: அந்தச் சின்ன மோட்டார்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு சுருதியில் ரீங்கரிக்கும், எனக்கு எது அதிர்கிறது என்று காதாலேயே பிடித்துவிடுவேன், உங்கள் முடிவு பொய்யாகிவிடும். அதனால் ஹெட்போனில் சத்தமாக ஏதாவது ஓடவிட்டுச் சோதியுங்கள். நாதஸ்வரம் என்றால் எனக்குச் சம்மதம்.